ஊட்டிக் குளிரில் வண்டி ஓட்டுபவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தலைகுந்தாவிலிருந்து தினமும் விடிகாலையில் ஊட்டி மார்க்கெட்டுக்குப் போகிறேன். வண்டி பழைய 100 சிசி பைக், கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ளது. உறைபனி விழும் இந்த டிசம்பர், ஜனவரியில் சீட்டின் மேல் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. செல்ஃப் ஸ்டார்ட் 'டிக்' என்ற சத்தத்தோடு நின்றுவிடும். கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கை இழுத்துக் கிக்கரை உதைத்தால் எடுக்கிறது; வண்டி சூடானதும் புகை தள்ளித் திணறுகிறது. பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, அதனால் கலவையில் பெட்ரோல் கூடிவிடுகிறது. கார்புரேட்டரில் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவைச் சரிசெய்தால் போதுமா, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைச் சின்னதாகப் போட வேண்டுமா? அடிக்கடி மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். சின்ன ஜெட்டோடு போனால் அங்கே சமவெளியில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகிவிடுமோ என்பதுதான் கவலை.

அப்புறம், கை. விரல் மரத்துப்போனால் பிரேக்கை அழுத்தவே வராது. அதனால் கைக்கு மறைப்பாக, காலி 5 லிட்டர் ஆயில் கேனைப் பாதியாக வெட்டி, விளிம்பைத் தீயில் வாட்டி மழுக்கி, கண்ணாடிக் கம்பியில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். காற்றை அருமையாகத் தடுக்கிறது. ஆனால் ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது ஆக்சிலேட்டர் கேபிளில் உரசுகிறது. கொண்டை ஊசி வளைவில் கேபிள் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் இப்போதைக்குக் கழற்றி வைத்திருக்கிறேன்.

கேனோ பிவிசி பைப்போ வைத்து இப்படிச் செய்தவர்கள், கிளாம்ப்பை எந்த இடத்தில் பிடித்தீர்கள்? ஒரு படம் போட்டால் பெரிய உதவி. பேட்டரி 12 வோல்ட், பழசு. மாற்றுவதற்கு முன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.