எர்த்-பாடி: மண்ணுடலா, நிலமெய்யா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கலைச்சொல் பட்டியலுக்காக இன்று ஒரு சொல். கியூபாவில் பிறந்த கலைஞர் அனா மெந்தியேத்தா, நிலத்தில் தம் உடலையோ அதன் உருவையோ பதித்துச் செய்த படைப்புகளை ‘எர்த்-பாடி’ என்றார். இதற்கு இதுவரை வந்த சொற்கள் மண்ணுடல், பூவுடல், நிலமெய். மண்ணுடல் என்றதும் களிமண் பொம்மைதான் நினைவுக்கு வருகிறது. பூவுடலில் (பூ என்றால் இங்கே பூமி) இரங்கல் செய்தி வாடை. போதாக்குறைக்கு, 1973-இல் மெக்சிகோவின் யாகுல் கல்லறைக்குள் அவர் படுத்து வெள்ளைப் பூக்களால் உடலை மூடிக்கொண்ட படம் ஒன்று உண்டு. அதன்கீழ் ‘பூவுடல்’ என்று போட்டால் தீர்ந்தது! நிலக்கலை என்று இதையும் சொல்லலாமே என்றால், அது ஏற்கெனவே நிலத்தைக் கொண்டே செய்யும் ‘லேண்ட் ஆர்ட்’டுக்கு ஓடுகிறது. அந்த வகையில் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ஸ்மித்சன் 1970-இல் யூட்டா உப்பேரியில் போட்ட சுருள்கரை (ஸ்பைரல் ஜெட்டி) 1,500 அடி. லாரியும் பாறையும் கேட்ட வேலை. மெந்தியேத்தாவின் அளவுகோல் ஓர் ஆள். என் பரிந்துரை நிலமெய்.

மறுமொழி:
ஐயா, மெய் என்றால் உண்மை என்றும் படிப்பார்களே? ‘நிலத்தின் உண்மை’ என்று யாராவது தத்துவம் எழுதிவிடுவார்கள்.

மறுமொழி:
மெய்க்காப்பாளரை யாரும் உண்மைக்காவலர் என்று படிப்பதில்லை, அம்மா. ஐம்பொறியில் தொடுவுணர்வுக்கு உரியதும் மெய்தான். மண்ணைத் தொட்டுக் கிடக்கும் கலைக்கு உடலைவிட அது நெருக்கம். சொற்புணர்ச்சியும் தொல்லையில்லை: நிலமெய்க் கலை, நிலமெய்ச் சிற்பம்.

சிக்கல் மெந்தியேத்தாவின் ‘சிலுவேத்தா’வில்தான் (ஆங்கிலத்தில் சில்லவுட்). 1973 முதல் 1980 வரை அயோவாவிலும் மெக்சிகோவிலும் செய்த வரிசை அது. நிழலுரு என்பது தவறு, அங்கே நிழலே இல்லை. மெய்த்தடம் என்கிறார்கள். மெக்சிகோவின் லா வென்டோசா கடற்கரை வேலைக்கு (1976) அது பொருந்தும்: மணலில் ஆளுருவாய்ப் பள்ளம், உள்ளே சிவப்புப் பொடி, அலை வந்து ஓரத்தை அரித்துக் கரைக்கிறது. இதற்கு ஈரம் சரியாக இருக்கவேண்டும். காய்ந்த மணலில் விளிம்பு சரியும். நீர் ஊறிய மணலில் பள்ளம் அடியிலிருந்தே தூர்ந்துபோகும். கரைவதுதான் படைப்பு என்பதால் படச்சில்லுகளை (ஸ்லைடு) வரிசையாக எடுத்தார். நமக்குக் கிடைப்பது அவைதாம்.

ஆனால் அதே ஆண்டு மெக்சிகோவின் ஒவாகாவில் மூங்கில் சட்டத்தில் வாணம் கட்டி எரித்த உருவம் நிமிர்ந்து நின்றது. எதையும் அழுத்தவில்லை, தடம் ஏது? ஆகவே வரிசை முழுவதற்கும் மெய்வரை, அதாவது உடலின் வெளிக்கோடு. மண்ணில் அழுந்தியவற்றுக்கு மட்டும் மெய்த்தடம்.

மறுமொழி:
‘மெய்வரை’யை மலை என்று படிக்கமாட்டார்களா?

மறுமொழி:
படிப்பார்கள். மெய்வரையுரு என்று நீட்டிவிடலாம். நிலமெய் அப்படியே இருக்கட்டும், பட்டியலில் பதிந்துவிடுங்கள்.