புதுப்பிப்பு: குடும்பத்தோடு அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் பெல்லாவுக்குக் குடிவந்தது

வேலை மாற்றலாகி இந்தச் சின்ன ஊருக்கு வரும் முன், வீடு, மளிகை பற்றி இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. குளிர்காலம் தாண்டி, டியூலிப் திருவிழாவும் பார்த்தாகிவிட்டது.

பெரிதும் கைகொடுத்தது, "வீடு வாங்கும் முன் ரேடான் சோதனை செய்யுங்கள்" என்ற யோசனைதான். ரேடான் என்பது மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும், நுரையீரல் புற்றுநோய் தரக்கூடிய கதிரியக்க வாயு. அயோவாவின் 99 கவுண்டிகளுமே (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ரேடான் அபாயம் அதிகமுள்ள மண்டலத்தில் வருகின்றன. நாங்கள் பேசி வைத்த வீட்டின் பேஸ்மென்ட்டில், சரிசெய்யச் சொல்லும் வரம்பான, லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரி (கதிரியக்க அலகு) என்ற அளவை ரேடான் தாண்டியிருந்தது. தரையைத் துளைத்து ஒரு குழாய், மண்ணுக்கடியிலுள்ள வாயுவை உறிஞ்சிக் கூரைக்கு மேல் தள்ள ஒரு விசிறி, அவ்வளவுதான் வேலை. செலவை விற்றவரே ஏற்றுக்கொண்டார். மறுசோதனையில் அளவு நன்றாக இறங்கிவிட்டது. விசிறி இரவும் பகலும் லேசாக முனகும்; பழகிவிடும்.

இந்திய மளிகைக்கு மாநிலத் தலைநகர் டிமொயின் பக்கம் போக வேண்டும், ஒரு மணி நேரம். தனி ஃப்ரீசர் வாங்கச் சொன்னவர் நல்லா இருக்கணும்! முருங்கைக்காய், தேங்காய்த் துருவல் எல்லாம் அதில்தான். கோயில், அயோவாவிலேயே உள்ள மேட்ரிட் என்ற சின்ன ஊரில். டிமொயினையும் தாண்டிப் போகணும்.

எதிர்பாராதது திருவிழாதான். டச்சுக்காரர்கள் குடியேறி உருவாக்கிய ஊர் என்பதால், ஊர்வலத்துக்கு முன் டச்சு உடையில் தெருவையே தேய்த்துக் கழுவுகிறார்கள். அந்த மே மாத நாட்களில் வீடு மாற்ற மட்டும் நினைக்காதீர்கள், லாரி நுழைய இடமிருக்காது.