விட்டெர்பியோடு மல்லுக்கட்டின கதை: உங்களுடையதையும் சொல்லுங்க

பொருநைக்கரை:
நானே ஆரம்பிக்கிறேன். விட்டெர்பின்னா, கண்ணுக்குத் தெரியறதை வெச்சு, பின்னாடி மறைஞ்சிருக்கிற வரிசைகள்ல அதிக வாய்ப்புள்ள ஒண்ணைக் கண்டுபிடிக்கிற கணக்கு முறை. எம்.ஈ. ப்ராஜெக்ட்ல, தமிழ் வாக்கியம் கொடுத்தா ஒவ்வொரு சொல்லும் பெயரா வினையான்னு குறி போடுற ப்ரோக்ராம் எழுதினேன். சொல் கண்ணுக்குத் தெரியும், அதோட வகை மறைஞ்சு நிக்கும். ‘ஒரு படி அரிசி’யில ‘படி’ பெயர். ‘சத்தமாப் படி’யில அதுவே வினை. பக்கத்துச் சொல்லைப் பார்க்காம முடிவு பண்ண முடியாது, அந்தப் பக்கத்துச் சொல்லும் இன்னொண்ணைப் பார்த்துட்டுத்தான் நிக்கும்.

12 வகை, 20 சொல். எல்லா வழியையும் எண்ணினா 22 இலக்கத்துல ஒரு எண் வரும். விட்டெர்பி முறையில ஒரு சொல்லுல இருந்து அடுத்த சொல்லுக்குன்னு 19 தாவல், தாவலுக்கு 12 × 12 = 144 கணக்கு, மொத்தம் 2,736. ஒரு சொல் ‘வினை’ன்னு வெச்சுக்கிட்டா, அங்க வந்து சேர்ற 12 வழியில சிறந்த ஒண்ணை மட்டும் வெச்சுட்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடலாம். இனிமே நடக்கப் போறது இந்த ‘வினை’யை மட்டும்தான் பார்க்கும், அதுக்கு முன்னாடி நடந்ததைப் பார்க்காது. இது புரிஞ்ச அன்னிக்கு டீக்கடையில தனியா சிரிச்சேன்.

சிரிப்பு ரிவியூ வரைக்கும்தான். கைடு யாரோ அனுப்பின, முற்றுப்புள்ளியே இல்லாத நீள வாட்ஸ்அப் மெசேஜ் ஒண்ணை ஒட்டினார். முதல் அறுபது சொல் வரைக்கும் கிட்டத்தட்ட ஒழுங்கு. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் பெயர், பெயர், பெயர். ‘வந்தான்’கூட பெயர்! ரெண்டு ராத்திரி பயிற்சித் தரவைத் திட்டினேன். மூணாவது ராத்திரி ஒவ்வொரு கட்டத்தையும் பிரிண்ட் போட்டுப் பார்த்தா, சொல்லுக்குச் சொல் நிகழ்தகவு ஏறக்குறைய லட்சத்துல ஒரு பங்கா தேய்ஞ்சு, கம்ப்யூட்டர் தாங்குற எல்லையான பத்தின் அடுக்கு மைனஸ் 324-ஐத் தாண்டினதும் சுத்த பூஜ்யம். பன்னிரண்டும் பூஜ்யம்னா எது பெருசு? கம்ப்யூட்டர் பட்டியல்ல முதல்ல இருந்ததை எடுத்துக்கிச்சு. என் பட்டியல்ல முதல்ல இருந்தது பெயர். பெருக்கலை விட்டுட்டு லாக் (மடக்கை) எடுத்துக் கூட்டினேன், நாலே வரி மாத்தம்.

அலைவரிசைத்தாத்தா:
தம்பி, உங்களுக்கு எண் தேய்ந்து செத்தது. எங்களுக்கு எண் பெருத்துச் செத்தது.

நான் செயற்கைக்கோள் மோடம் போர்டுகளில் வேலை பார்த்தவன். ஆண்ட்ரூ விட்டெர்பி 1967-இல் இதை வெளியிட்டதே சுருள் குறியீடுகளுக்காகத்தான் (அனுப்பும் பிட்களில் வழியில் நேரும் பிழையைத் திருத்த உதவுபவை). நிரூபணத்துக்கும் பாடம் நடத்தவும் ஒரு வசதி என்ற அளவில்தான் அவர் முதலில் நினைத்தாராம். வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டுக் காப்புரிமையும் எடுக்கவில்லை. படத்தில் வரைந்தால் வரிசையாகக் கால் நட்டுக் குறுக்கே கட்டிய புடலைப் பந்தல் மாதிரி இருக்கும்; ‘ட்ரெல்லிஸ்’ என்ற பெயரே அதனால்தான்.

எங்கள் டிகோடரில் 64 நிலைகள் (உங்கள் 12 வகை மாதிரி). 1977-இல் புறப்பட்ட வாயேஜர் கலங்களின் சுருள் குறியீட்டுக்கும் அதே 64தான். ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு வழி வந்து சேரும்: கூட்டு, ஒப்பிடு, ஒன்றைத் தேர்ந்தெடு. பிழைக் கணக்கை 8 பிட் ரெஜிஸ்டரில் வைத்திருந்தோம். கணக்கு ஏறி ஏறி 255-ஐத் தாண்டியதும் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஆக மோசமான வழி திடீரென்று ஆகச் சிறந்த வழியாகிவிடும்! சோதனை மேசையில் சில நொடி சுத்தமாக ஓடும், பிறகு குப்பை, மறுபடி சுத்தம். கேபிள் லூஸ் என்று இரண்டு நாள் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தோம். கடைசியில் செய்தது இவ்வளவுதான்: அவ்வப்போது 64-இல் சிறியது எதுவோ அதை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடு. யார் முந்தி என்பதற்கு இடைவெளி போதும், மொத்தம் தேவையில்லை.

கிண்டி_ரூட்:
அருமை சார். நம்மது பஸ் ஜிபிஎஸ். புள்ளி தெரியும், எந்த ரோடுன்னு தெரியாது. புள்ளிக்கு ரோடு எவ்வளவு தள்ளி இருக்குங்கறது ஒரு கணக்கு. ஒரு ரோட்டுல இருந்து அடுத்த ரோட்டுக்கு ஓட்டிட்டுப் போற தூரமும் ரெண்டு புள்ளிக்கு நடுவுல நேர்கோட்டுத் தூரமும் ஒத்துப்போகுதாங்கறது இன்னொண்ணு. 2009-ல நியூசன், க்ரம் ரெண்டு பேரும் எழுதின கட்டுரைவழி.

நான் செஞ்ச தப்பு: விட்டெர்பிக்குப் பதிலா முன்-பின் கணக்குப் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியா எந்த ரோடு அதிக வாய்ப்புன்னு எடுத்தேன். கத்திப்பாராவுல பஸ் மேம்பாலத்து மேல போயிட்டு இருக்கும்போதே கீழ் ரோட்டுல குதிச்சு, அடுத்த பத்து விநாடியில மறுபடி மேல ஏறிச்சு. ஒவ்வொரு புள்ளியும் தனியாப் பார்த்தா சரி, சேர்த்துப் பார்த்தா பஸ்ஸுக்கு ரெக்கை வேணும். விட்டெர்பி தர்றது முழுசா ஓட்டிட்டுப் போகக்கூடிய ஒரே வழி.

ஆனா லைவ்ல காட்டணும்னா கடைசிப் புள்ளி வரைக்கும் காத்திருக்க முடியாதே? தூக்கிப் போடாம மிஞ்சின வழிகளைப் பின்னாடி பிடிச்சுட்டுப் போனா, பெரும்பாலும் எங்கயோ ஓர் இடத்துல எல்லாமே ஒண்ணா சேர்ந்துடும். அதுக்கு முந்தினது இனி மாறாது, தைரியமா மேப்ல போட்டுடலாம். ஜங்ஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே சேர்ந்துடுது.

அலைவரிசைத்தாத்தா:
நாங்களும் அதைத்தான் செய்தோம். 7 நீளக் குறியீட்டுக்கு (அடுத்தடுத்த 7 பிட்டைச் சேர்த்துப் பார்ப்பது) அதைப் போல ஐந்து மடங்கு, சுமார் 35 பிட் பின்னால் போனால் போதும் என்பது கைக்கணக்கு.

மரபணுக்காரி:
35-ஆ! நான் மனிதரின் முதலாம் குரோமோசோமில் சிஜி தீவுகள் (டிஎன்ஏவில் சி, ஜி எழுத்துகள் அடர்ந்த பகுதிகள்) தேடினேன். நீளம் சுமார் 24.8 கோடி எழுத்து, 8 நிலை (4 எழுத்து, ஒவ்வொன்றும் தீவின் உள்ளே அல்லது வெளியே). ‘எங்கிருந்து வந்தேன்’ என்ற குறிப்பை ஒவ்வொரு நிலைக்கும் 8 பைட்டில் வைத்தேன். அதுவே 16 ஜிபி. லேப்டாப் அப்படியே உறைந்து, மின்விசிறிச் சத்தம் கேட்டு ரூம்மேட் எழுந்துவிட்டாள்.

0 முதல் 7 வரையிலான எண்ணுக்கு ஏன் 8 பைட் என்று சீனியர் அக்கா கேட்டார். ஒரு பைட்டாக்கியதும் 2 ஜிபி. அதுவும் அதிகம் என்றால், சுமார் 15,750 எழுத்துக்கு ஒருமுறை மட்டும் மதிப்பெண்களைச் சேமித்துவிட்டு, பின்னோக்கி வரும்போது அந்தந்தத் துண்டை மறுபடி கணக்குப் போடலாம் என்றார். நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு, நினைவகம் சில எம்பி.

பொருநைக்கரை:
அக்கா, ஒரு சந்தேகம். லாக் போட்டப்புறமும் எனக்கு ஓர் இடத்துல அடி விழுது. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ மாதிரி, பயிற்சியில வராத சொல் வந்தா பன்னிரண்டு வகைக்கும் மைனஸ் முடிவிலி. மறுபடி எல்லாம் பெயர்.

மரபணுக்காரி:
பார்க்காத சொல்லுக்குப் பூஜ்யம் வைக்காதீங்க, சின்னதாக ஏதாவது கொடுங்க. தமிழுக்கு அது மட்டும் போதாது. சொல்லின் வாலைப் பாருங்க. ‘-தான்’ஐக் கழற்றினால் ‘-ஆக’, அதையும் கழற்றினால் ‘-அவர்களுக்கு’. எந்த வகை என்று வாலே பாதி சொல்லிவிடும்.

பொருநைக்கரை:
அந்த ‘-தான்’லதான் சிக்கலே. ‘வந்தான்’லயும் கழண்டுடுது. சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்துட்டு வர்றேன்.