மஸ்காக்னி தாமே நடத்திய ‘கவலேரியா ருஸ்டிகானா’: அந்த நிதானம் யாருடையது?

பினாங்கு வாசகர்:
வணக்கம். லோரோங் குலிட் சந்தையில் பழைய இசைத்தட்டாகக் கிடைத்த, இத்தாலிய இசையமைப்பாளர் மஸ்காக்னியின் ‘கவலேரியா ருஸ்டிகானா’ ஓபராவை (இசை நாடகத்தை), மிலான் நகரின் லா ஸ்காலா ஓபரா அரங்கின் 1940 பதிவில் கேட்டேன். பல இடங்களில் இசை தயங்கித் தயங்கி நகர்கிறது. இது தட்டின் குறையா, இசையமைப்பாளரின் விருப்பமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் இசைப்பிரியர்:
தட்டைக் குறை சொல்ல வேண்டாம், ஐயா. 1890-இல் ரோமில் அரங்கேறிய இந்த ஓபராவின் பொன்விழாவுக்காக, எழுபத்தாறு வயது மஸ்காக்னி தாமே தொடக்கவுரை பேசி, வேண்டுமென்றே நிதானமாக நடத்திய பதிவு அது. கதைநாயகன் துரித்துவாகப் பாடும் ஜீலியும் 1890-இல் பிறந்தவர்தாம்! ஆயினும் பதிவின் உயிர் துரித்து கைவிட்ட காதலி சாந்துட்சாவாகப் பாடும் லீனா புரூனா ராசாவிடமே உள்ளது. மனநோயால் மேடை வாழ்வு குலைந்துகொண்டிருந்த காலத்தில் அவர் பாடியது என்பதை அறிந்து கேட்டால், துரித்துவிடம் மன்றாடும் காட்சியில் அந்த மெதுவான நடையே அவருக்கு மூச்சுவிட இடம் தருவது புரியும்.

பட்டர்வொர்த் அன்பர்:
முழுவதும் உடன்பட இயலவில்லை. 1938-இல் தி ஹேக் நகரில் இதே பாடகியுடன் மஸ்காக்னி நடத்திய மேடைப்பதிவு, ஒலி மங்கலாயினும், இன்னும் விறுவிறுப்பானது. எனவே 1940-இன் வேகத்தை மஸ்காக்னியின் இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. துரித்துவின் தாய் லூச்சியா அம்மாவாகப் பாடும் இளம் சிமியோனாத்தோவையும் கவனியுங்கள். பின்னாளில் அவரே புகழ்பெற்ற சாந்துட்சா ஆனார்.