வண்டி டியூ, குழு லோன், ஆப் லோன்: போன் தொல்லையை எப்படி நிறுத்துவது?

கொழிஞ்சாம்பாறை டெம்போ:

வணக்கம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்தமாகக் குட்டியானை ஓட்டுகிறேன். தோப்பில் தேங்காய் ஏற்றிப் பொள்ளாச்சி மண்டியில் இறக்குகிற வேலை. இன்ஜின் வேலை வந்து வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது, அதோடு டியூவும் நின்றுவிட்டது.

மூன்று கடன் இருக்கிறது. வண்டி லோன், பொள்ளாச்சியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் எடுத்தது. வீட்டுக்காரி பேரில் குழு லோன், வாரத் தவணை. மூன்றாவது, அவசரத்துக்கு ஒரு ஆப்பில் எடுத்தது. கைக்கு வந்தது 6,000. ஏழாம் நாள் கட்டச் சொன்னது 10,000.

காலை ஆறரைக்கே போன் ஆரம்பித்துவிடுகிறது. தமிழ், மலையாளம், இந்தி என்று மாறி மாறிப் பேசுகிறார்கள். நான் எடுக்காவிட்டால் பொள்ளாச்சியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டுக்குப் போகிறது. "உங்க மச்சான் ஓடிட்டாரா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார்கள். மண்டி முதலாளியையும் விடவில்லை. இப்போது என் போட்டோவில் "திருடன்" என்று எழுதித் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பப் போவதாக வாட்ஸ்அப்பில் மிரட்டல். போலீசுக்குப் போகலாம் என்றால், லோன் எடுத்தது தமிழ்நாடு, குடியிருப்பது கேரளா. எந்த ஸ்டேஷன் என்றே புரியவில்லை.

ஏமாற்றுகிற எண்ணம் கிடையாது. வண்டி ஓடினால் கட்டிவிடுவேன். ஓட்டவே விடாமல் அடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

மீனாட்சிபுரம்:

சிம்மை மாத்துங்க அண்ணா. எல்லாம் அடங்கிரும்.

முன்னாள் கலெக்ஷன்:

தயவுசெய்து சிம்மை மாற்றாதீர்கள். கோவையில் கலெக்ஷன் கால் சென்டரில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் நம்பர் கிடைக்கவில்லை என்றால் கணக்கில் "ஆள் இல்லை" என்று குறிப்பு விழும். அடுத்த கால் ரெஃபரன்ஸ் கொடுத்தவர்களுக்குத்தான். தங்கச்சி வீட்டுக்குப் போன் போவது பாதி இதனால்தான்.

முதலில் எந்த கால் யாருடையது என்று பிரியுங்கள். மூன்றையும் ஒரே தொல்லையாகப் பார்த்தால் ஒன்றையும் நிறுத்த முடியாது.

வண்டி லோன்: அவர்கள் கூப்பிடலாம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் அல்ல. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் போட்ட உத்தரவுப்படி, நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. வங்கிக்கும் ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் அவர்கள் வைத்திருக்கும் ஏஜென்சிக்கும் இது பொருந்தும். கெட்ட வார்த்தை, மிரட்டல், நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, குடும்பத்தார், ரெஃபரன்ஸ் ஆட்கள், நண்பர்களைத் தொந்தரவு செய்வது எல்லாமே தடை. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் வேறு. அவரிடம் கேட்க உரிமை உண்டு. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருக்கிறாரா, வெறும் நம்பர் மட்டும் கொடுத்ததா? பார்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த கால் வந்தால் கத்தாதீர்கள். பெயர், ஏஜென்சி பெயர், லோன் நம்பர் கேளுங்கள். ரெக்கார்டு ஓடட்டும். கட்ட முடியாத தேதியைச் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் தேதியைக் குறித்துக்கொள்வார்கள், அதற்கு பி.டி.பி. (கட்டுவதாகத் தந்த வாக்கு) என்று பேர். அது தவறினால் மறுநாள் கால் இரட்டிப்பாகும்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த நம்பர், யாரிடம் என்ன பேசினார்கள் என்று எழுதினால் போதும். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனுக்கு (வாடிக்கையாளர் புகாரை விசாரிக்கும் அதிகாரி) புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. கம்பெனிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் தள்ளிவிடுவார்கள். விவரம் கேட்க 14448. தமிழில் பேசலாம்.

அதே மெயிலில் தவணையை மாற்றியமைத்துத் தரச் சொல்லியும் கேளுங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும், அப்புறம் பேச்சே வேறு மாதிரி இருக்கும். வண்டிதான் உங்களுக்குச் சோறு. கையில் வருகிற முதல் காசு அங்கேதான் போக வேண்டும் என்பது என் கருத்து. போனில் யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுவது பலரும் செய்வது. கத்துகிறவனுக்கும் அது தெரியும்.

வேலந்தாவளம் அக்கா:

குழு லோனைப் பற்றி நான் சொல்கிறேன் தம்பி, எங்கள் தெருவில் இல்லாத வீடு கிடையாது. அதற்கு விதி இன்னும் கறார். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 3 லட்சத்துக்குள் இருக்கிறவர்களுக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதைத்தான் மைக்ரோ ஃபைனான்ஸ் என்கிறார்கள். அதில் காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் கூப்பிடக் கூடாது. பணம் வாங்குவது பேசி வைத்த பொது இடத்தில். தொடர்ந்து இரண்டு தடவையாவது அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். சாயங்காலம் ஏழு மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு "கட்டினால்தான் எழுந்திருப்பேன்" என்கிற கதையெல்லாம் இதன்படி செல்லாது.

ஆனால் விதி பேசுவதற்கு முன்னால் உன் வீட்டுக்காரி குழுவில் இருக்கிற மற்றப் பெண்களிடம் நேரில் சொல்லட்டும். இவள் கட்டாததை அவர்கள் தலையில் போடுவார்கள். போன் நிற்கும், பக்கத்து வீட்டுப் பேச்சு நிற்காது.

சித்தூர் குமாஸ்தா:

சித்தூர் கோர்ட்டில் வக்கீல் ஆபீசில் இருக்கிறேன். (நம் பாலக்காட்டுச் சித்தூர்தான், ஆந்திராக்காரர்கள் மன்னிக்கவும்.)

ஆப் லோனை மற்ற இரண்டோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். ரிசர்வ் வங்கிக்குக் கட்டுப்பட்ட ஆப் உங்கள் போனில் இருக்கும் நம்பர்களையோ போட்டோக்களையோ தொடக் கூடாது. 2022 செப்டம்பரிலிருந்து இதுதான் விதி. எந்த ஆப் எந்தக் கம்பெனியுடையது என்கிற பட்டியல் 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி தளத்திலேயே இருக்கிறது. அதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் 'சசேத்' புகார் தளத்தில் புகார் போடுங்கள். ஆப்பை அழிப்பதற்கு முன் லோன் பக்கம், பணம் வந்த வங்கி வரவு, மிரட்டல் மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கான்டாக்ட், கேலரி அனுமதியை நிறுத்திவிட்டு அழியுங்கள். "3,000 போடு, ஒரு வாரம் தள்ளிவைக்கிறேன்" என்பான். போட்டீர்களானால் அடுத்த வாரமும் அதையே கேட்பான்.

போட்டோ மிரட்டலுக்கு சைபர் கிரைம் தளத்திலேயே புகார் பதியலாம், 1930-க்கும் கூப்பிடலாம். உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இரண்டு வரி போட்டுவிடுங்கள்: என் பேரில் போலி போட்டோ வரலாம், திறக்க வேண்டாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பாதி மிரட்டல் அதோடு செத்துவிடும்.

ஸ்டேஷன் விஷயம். குடியிருக்கும் இடத்து ஸ்டேஷனுக்கே போங்கள். பணம் பறிக்க மிரட்டுவது போல போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றமாக இருந்தால், எங்கே நடந்தது என்று பார்க்காமல் பதிய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173-வது பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் அதுதான் சட்டம். திரும்பத் திரும்பப் போன் செய்து தொல்லை கொடுப்பதற்கு கேரள போலீஸ் சட்டம் 2011-இல் 120(ஓ) என்ற பிரிவு தனியாகவே இருக்கிறது. பெரிய தண்டனை உள்ள பிரிவு அல்ல. மனுவில் அந்த எண்ணை எழுதி ரசீது வாங்கினாலே எஸ்.ஐ. அந்த நம்பருக்கு ஒரு போன் போட வாய்ப்பு உண்டு. வாய்ப்பேச்சாகச் சொல்லிவிட்டு வராதீர்கள்.

இன்னொன்று. "இன்னைக்கு அரெஸ்ட் வாரண்ட் வருது" என்பது சுத்தப் பொய். தவணை கட்டாதது சிவில் விவகாரம். ஆனால் செக் கொடுத்திருந்து அது பவுன்ஸ் ஆகியிருந்தால் வேறு கதை, செக் சட்டத்தின் 138-வது பிரிவில் அது குற்றம். தபாலில் அந்த நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், செக் பணத்தைக் கட்ட 15 நாள் அவகாசம் அன்றிலிருந்துதான். வக்கீலுக்குக் காசில்லை என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100-க்குக் கூப்பிடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் அந்த உதவி உண்டு, ஆகவே குழு லோனுக்கு வீட்டம்மா பேரிலேயே கேட்கலாம்.

கொழிஞ்சாம்பாறை டெம்போ:

எல்லோருக்கும் நன்றி. மாப்பிள்ளை கையெழுத்து எதுவும் போடவில்லை, நம்பர் மட்டும்தான் கொடுத்தேன். ஆறரை மணி கால் எல்லாம் ஆப்காரனுடையது என்று இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டேன். உடனே ஏஜென்சிப் பையன் ஒருத்தன் கூப்பிட்டு, மொத்தமாகப் பாதி கட்டினால் லோனையே முடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பியிருக்கிறான். தங்கச்சி நகையை வைத்துக் கட்டிவிடலாமா?

முன்னாள் கலெக்ஷன்:

வேண்டாம். கம்பெனி லெட்டர்பேடில், லோன் நம்பரோடு, எவ்வளவு கட்டினால் கணக்கு முடிகிறது என்று எழுத்தில் வரட்டும். பணம் கம்பெனி கணக்குக்கு மட்டும். தனி ஆள் பேரில் இருக்கும் கியூஆருக்கு ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள், அது கணக்கில் ஏறாமலே போகலாம். அந்த கோடையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே மெயிலுக்கு அனுப்புங்கள். செட்டில்மென்ட் என்று முடித்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் அப்படியே விழும், அடுத்த வண்டிக்கு லோன் கேட்கும்போது இடிக்கும். தவணையைத் தள்ளிப்போடச் சம்மதித்தால் அதுவே நல்லது.

சித்தூர் குமாஸ்தா:

கடன் எப்படி முடிந்தாலும் கம்பெனியிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) ஃபார்ம் 35-உம் (வண்டி மேல் இருந்த கடன் முடிந்தது என்று ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கும் படிவம்) வாங்காமல் விடாதீர்கள். அது இல்லாமல் ஆர்.சி.யில் கம்பெனி பேரை நீக்க முடியாது. மண்டி முதலாளியிடம் அவருக்கு வந்த நம்பர், தேதியைக் கேட்டு வாங்கி மனுவில் சேருங்கள். முடிந்தால் அவரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கடனில் சம்பந்தமே இல்லாத ஆளுக்குப் போன் போனது உங்கள் மனுவில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம்.