கயிற்றில் ஏறி வந்த தொடர்கதை

மழை நேரத்தில் டீயோடு புத்தகம் படிக்கிற சுகத்தைப் பற்றி இங்கே எல்லாரும் எழுதியதைப் படித்ததும் எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கூனில் அனவ்ரதா சாலையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு, ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இங்கே பழைய கட்டடங்களில் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் கிளிப், மேலே ஒரு சின்ன மணி. பேப்பர்காரர் கிளிப்பில் மாட்டிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மணி அடிக்கும், நாம் மேலே இழுத்துக்கொள்ளலாம்.

போன வருஷம் ஜூலையில் ஒரு சாயங்காலம், கரண்ட் போய் சார்ஜ் லைட்டை ஏற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், மழை தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை, அதற்கு நடுவில் மணி அடிக்கிறது. இந்த மழையில் யாரப்பா என்று இழுத்தால் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு கட்டு. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கிழித்தெடுத்து நூலால் தைத்த கட்டு, பழுப்பேறிய தாள், ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை, நடுநடுவே காய்ந்து பொடியான வேப்பிலை. எட்டிப் பார்த்தால் இரண்டாவது மாடி ஆயா. எங்கள் கயிறு அவர் பால்கனியைத் தாண்டித்தான் இறங்கும், பிடித்து மாட்டிவிட்டிருக்கிறார்.

"கண்ணு தெரியல தாயி, நீ படிச்சுச் சொல்லு" என்று கீழேயிருந்து குரல்.

ஆயா தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் 1965-இல் தனியார் பள்ளிகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஐந்தாம் வகுப்போடு தமிழ்ப் படிப்பு நின்றது. அதற்கு முந்தின வருஷம் கடைகள் அரசுடைமை ஆனபோதே அவருடைய அத்தை குடும்பம் கப்பலேறிவிட்டது, அவர்கள் விட்டுப்போன டிரங்குப் பெட்டியில் இருந்ததுதான் இந்தக் கட்டு. பத்திரிகை வருவதும் நின்றுபோனதால் கடைசி அத்தியாயங்கள் இல்லை. அறுபது வருஷமாக முடிவு தெரியாத கதை! நானோ கோயில் மாலை வகுப்பில் தமிழ் படித்தவள், பர்மிய எழுத்துதான் எனக்கு வேகமாக ஓடும். முதல் வாரம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரிதான் படித்தேன், "ழ"வில் தடுக்கினால் ஆயா விடமாட்டார், திரும்பச் சொல்லச் சொல்வார்.

பான்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் வாங்கிய புத்தகம் என்னிடம் எத்தனையோ உண்டு, தனியாகப் படிப்பதும் பிடிக்கும். ஆனால் இந்தச் சுகமே வேறு. கரண்ட் போகிற நேரத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? அவர் வீட்டுப் பாயில் உட்கார்ந்து, நடுவில் ஒரு தட்டு லப்பெத், அதாவது ஊறவைத்த தேயிலையோடு வறுத்த பூண்டு, வேர்க்கடலை, எள் எல்லாம் போட்டுப் பிசைந்தது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் என் பெருவிரல் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. பதறிப்போனேன், ஆயா சிரித்துக்கொண்டே முதல் அத்தியாயத்தைப் புரட்டி இன்னொரு கறையைக் காட்டினார். அவர் அத்தையுடைய விரல்.

அப்புறம் சென்னையில் இருக்கும் என் சித்தி மகன் அதே கதை புத்தகமாக வந்ததைத் தேடிப்பிடித்து, கடைசிப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினான். கரண்ட் வந்த நேரத்தில் இறக்கி வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே போனில் பெரிதாக்கிப் படித்தேன். ஆயா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார், முடிந்தும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இவ்வளவு நாளா நான் கதையில வர்ற பொண்ண ஊருக்கே அனுப்பி வச்சிருந்தேன், எழுதினவன் பாரு, இங்கனயே நிறுத்திட்டான்" என்றார். அவர் நினைத்திருந்த முடிவை என்னை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார், நாலு பக்கம் வந்தது. அதையும் கட்டோடு சேர்த்துத் தைத்தாயிற்று.

இப்போது முதலிலிருந்து மறுபடி படிக்கிறோம். நேற்றுதான் ஒன்பதாம் அத்தியாயம் முடிந்தது.