பீடி சுத்துற கை ராத்திரியில மரத்துப்போகுது

குடியாத்தம்:
சின்ன வயசிலிருந்து பீடி சுத்துறேன். இப்ப ராத்திரி தூக்கத்துல வலது கை கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுப்பிவிடுது. உதறினா கொஞ்சம் தேவலை. கத்தரியில இலை வெட்டுறப்ப மணிக்கட்டு சுருக்குனு இழுக்குது. தைலத்துக்குக் கேக்கல. வேலைய விட முடியாது, என்ன பண்ணட்டும்?

பேரணாம்பட்டு:
அக்கா, எனக்கும் இதேதான். சுண்டுவிரல் மரக்குதா பாருங்க. அது நல்லா இருந்தா மணிக்கட்டுல நரம்பு நசுங்குறதா இருக்கலாம். ராத்திரி மணிக்கட்டு மடங்காம பட்டை போட்டுப் படுங்க, எனக்குத் தூக்கத்தைக் கொடுத்ததே அதுதான். இலைய நல்லா ஊறவெச்சு வெட்டுங்க. கத்தரிய சாணை பிடிங்க.

வேலூர், பிசியோதெரபிஸ்ட்:
அம்மா, கட்டைவிரல் அடியில சதை வத்தினாலோ, கையிலிருந்து பொருள் நழுவினாலோ பொறுத்துக்காதீங்க. அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரியில காட்டுங்க. சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் இப்படி வரும், ரத்தம் பாத்துடுங்க.

குடியாத்தம்:
சுண்டுவிரல் நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை போறேன்.